பாசியைக் கடிக்கும் ஓரா மீன்: தடுக்கலாம், அழிக்க வேண்டாம்



நெல் வயலில் பூச்சி தெரிந்தவுடன் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிய காலம் ஒன்று இருந்தது. பொறிவண்டும் சிலந்தியும் நமக்காக வேலை செய்கின்றன என்பதைக் கற்றுக்கொள்ள நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் நாம் அடித்த மருந்தில் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்தே செத்தன. புகையான் பெருகியதுதான் கண்ட பலன். அதே பாடம் இப்போது கடலில், கடற்பாசிப் பயிரில், நம் முன் வந்து நிற்கிறது. இம்முறை கேள்விக்குரியது ஒரு மீன். பெயர் ஓரா. சில இடங்களில் முயல் மீன் என்றும் சொல்வார்கள்.

கடற்கரையிலிருந்து தூரத்தில் இருப்பவர்கள், இது நமக்கு எதற்கு என்று தாண்டிப் போக வேண்டாம். நீங்கள் நெல்லுக்கும் காய்கறிக்கும் தெளிக்கும் கடற்பாசிச் சாறு இந்தப் பயிரிலிருந்து வருவதுதான். உங்கள் வயலிலிருந்து வடியும் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது, கடற்பாசி வளர்ப்புக்குக் கிடைத்துள்ள ஊக்கம். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசிக்குத் தனி இடம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மிதவைகள் கூடக்கூட, அவற்றை மேய வரும் மீனைப் பற்றிய புகாரும் கூடுகிறது. "நுனியெல்லாம் கத்தரித்த மாதிரி போய்விடுகிறது, ஓராவை ஒழிக்க என்ன வழி?" என்பது பாசி வளர்ப்போர் கேட்கும் கேள்வி.

இரண்டாவது, பவளப்பாறைகளின் நிலை. உலக அளவில் நான்காவது முறையாகப் பவளம் வெளுத்துப்போகும் நிகழ்வு நடந்து வருவதை 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் உறுதி செய்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி, 82 நாடுகளில், உலகப் பவளப்பாறைப் பரப்பில் 84 விழுக்காடு, வெளுப்பை உண்டாக்கும் அளவு வெப்பத்துக்கு ஆளாகியிருந்தது. நம் மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010, 2016 ஆண்டுகளிலேயே கடுமையாக வெளுத்தன. 2024 கோடையிலும் வெளுத்தன.

இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓரா நிற்கிறது. பாசிப் பயிருக்கு அது மேயும் மாடு. பவளப்பாறைக்கு அதுவே களை எடுக்கும் ஆள்.

ஓராவை எப்படி அடையாளம் காண்பது?

பூச்சியைச் சரியாக அடையாளம் காணாமல் மருந்து பரிந்துரைக்க மாட்டோம். மீனுக்கும் அதே விதிதான்.

ஓராவின் உடல் பக்கவாட்டில் தட்டையாக, முட்டை வடிவில் இருக்கும். வாய் மிகச் சிறியது. மேலுதடு முயலின் உதடு போலத் தெரியும். செதில் இருப்பதே தெரியாத அளவு பொடியானது. தொட்டால் வழவழப்பாக இருக்கும்.

உறுதி செய்ய முள்ளை எண்ணுங்கள். முதுகுத் துடுப்பில் 13 முள், வயிற்றுக்குப் பின்னால் உள்ள மலத்துளைத் துடுப்பில் 7 முள். வயிற்றுத் துடுப்பில் இரண்டு ஓரங்களிலும் ஆளுக்கொரு முள், நடுவில் மென்மையான 3 கதிர்கள். வயிற்றுத் துடுப்பின் இரு ஓரத்திலும் முள் இருப்பது இந்த மீன் குடும்பத்துக்கே உரிய அடையாளம். எண்ணுவது செத்த மீனானாலும் கையுறை போட்டுக்கொண்டு எண்ணுங்கள். இந்த முட்களில் விஷம் உண்டு.

நம் பகுதியில் அதிகம் படுவது இரண்டு வகை. ஒன்று வெண்புள்ளி ஓரா. சாம்பல் கலந்த பச்சை உடலில் முத்துப் போன்ற சிறு வெளிர்புள்ளிகள் நிறைந்திருக்கும். பயந்தால் திட்டுத்திட்டாக நிறம் மாறும். அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மற்றொன்று வரி ஓரா. முதுகுப் பக்கம் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றுப் பக்கம் நெளிநெளியான வெள்ளை வரிகள், வாலில் கறுப்புத் திட்டு. இது வெண்புள்ளி ஓராவைவிடப் பெரிதாக வளரும், முகத்துவாரங்களிலும் காணலாம்.

குழப்பம் தரும் வேறு மீன்களும் உண்டு. கிளி மீனுக்குப் பற்கள் ஒன்றாய்ச் சேர்ந்து கிளி மூக்குப் போல் இருக்கும், செதில் பெரியது. கிளாத்திக்குத் தோல் முரட்டுத்தோல். தலைக்குப் பின்னால் தடித்த முள் நிமிர்ந்து நிற்கும். வாலடியில் இரு பக்கமும் கத்தி போன்ற முள் உள்ள இன்னொரு பாசி மேயும் மீனும் பாறைப் பகுதியில் இருக்கிறது. ஓராவுக்கு வாலடியில் கத்தி கிடையாது.

ஓரா எங்கே வாழ்கிறது?

ஓராவின் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் கரையோரத்துக் கடல்தாழைப் படுகைகளுக்கும் பாசி மண்டிய ஆழமற்ற இடங்களுக்கும் வந்து சேரும். அங்கேதான் அவற்றுக்கு உணவும் ஒளிவிடமும். வளர்ந்த மீன்கள் தாழைக்கும், கடலோர மக்கள் 'பார்' என்று சொல்லும் பவளப்பாறைக்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கும். நம் வெண்புள்ளி ஓரா கூட்டமாக மேயும். வேறு சில ஓரா வகைகள் பவளக் கிளைகளுக்கு நடுவே ஆணும் பெண்ணும் சோடியாக வாழும். ஒன்று தலைகுனிந்து இடுக்கில் மேயும்போது மற்றது நிமிர்ந்து நின்று காவல் காப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இனப்பெருக்கம் நிலவை ஒட்டி நடக்கிறது. பசிபிக் பெருங்கடலின் பலாவ் தீவுகளில் வெண்புள்ளி ஓரா அமாவாசை கழிந்த முதல் வாரத்தில் முட்டையிடுவது பதிவாகியுள்ளது. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் குஞ்சு ஓரா எந்த மாதம், எந்தப் பிறையில் கரைக்கு வருகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். பாசியில் கடி விழும் தேதியையும் பக்கத்தில் குறித்து வந்தால், இரண்டு மூன்று போகத்துக்குள் உங்கள் கடற்கரைக்கான நாட்காட்டி உங்கள் கையில் இருக்கும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. தாழைக்கு மேலேயோ பாருக்கு அருகிலேயோ மிதவையைக் கட்டினால், ஓராவின் சாப்பாட்டு அறையில் நாம் பயிர் வைத்தது போல் ஆகும். பிறகு கடித்துவிட்டது என்று அதைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

பாறையில் அது செய்யும் வேலை

பவளம் ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருகிறது. கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால் இந்த உறவு முறிந்து பவளம் வெளுக்கிறது. சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சாகும்.

செத்த பவளத்தின் மேல் சில வாரங்களில் பாசி படரும். தரிசாக விட்ட நிலத்தில் களை மண்டுவது போலத்தான். மேய ஆள் இல்லாவிட்டால் பொடிப்பாசி போய்க் கட்டக்கோரை போன்ற பெரும்பாசி நிற்கும். அப்படி மூடிய பாறையில் பவளக் குஞ்சு வந்து ஒட்டுவதற்கு இடம் இருக்காது. மீண்டும் பவளம் வளர வேண்டுமானால் அந்த இடத்தை யாராவது மேய்ந்து சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் ஆர்ஃபியஸ் தீவு அருகே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாறையின் சில பகுதிகளைக் கூண்டு வைத்து மூடி, பெரிய மீன்கள் உள்ளே வராமல் சில ஆண்டுகள் தடுத்தார்கள். உள்ளே கட்டக்கோரை ஆளுயரத்துக்கு மண்டியது. கூண்டைத் திறந்தபோது சில வாரங்களிலேயே பாசி குறைந்தது. அதைத் தின்றது யாரும் எதிர்பார்த்த மீன் இல்லை. பாசி மேய்வதாக யாரும் கணக்கில் எடுக்காத தட்டை மீன் ஒன்று. அதே பகுதியில் 2008இல் வெளியான இன்னொரு ஆய்வில், கட்டக்கோரையைப் பாறையில் கட்டிவைத்து, ஆள் இல்லாமல் கேமராவை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். மிக அதிகமாகக் கடித்தது நம் வெண்புள்ளி ஓரா. ஆள் தண்ணீரில் இருந்தால் பக்கத்தில் வராத கூச்ச சுபாவ மீன் என்பதால் அதுவரை அதன் வேலை யார் கண்ணிலும் படவில்லை.

ஓரா இருந்தால் போதும், பவளம் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வெப்பம்தான் முதல் எதிரி. சேறும் கழிவும் அறுந்த வலைகளும் அடுத்தவை. ஆனால் அடிபட்ட பாறை தேறி எழுவதற்கு மேயும் மீன் தேவை.

காலக்கணக்கையும் கவனியுங்கள். நம் பக்கம் பவளம் வெளுப்பது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் மீன்பிடிப்பு நாட்டுப்படகு, கூடு, கரையோர வலை என்று கரைக்கு அருகிலேயே நடக்கிறது. ஓரா இருப்பதும் அங்கேதான். பாறைக்கு மேயும் மீன் மிகவும் தேவைப்படும் மாதங்களில், பாசி வளர்ப்போரும் சேர்ந்து ஓராவைக் குஞ்சோடு வாரத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஓரா எங்கும் நல்லதா?

இல்லை. செங்கடலின் இரண்டு ஓரா வகைகள் சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் புகுந்தன. ஒன்று 1920களிலும் மற்றது 1950களிலும் அங்கே பதிவாயின. இன்று துருக்கியின் தென்கரையில் பல இடங்களில் பாறைகள் மொட்டையாகிவிட்டன. அந்தக் கடலின் பாசிகள் இப்படி ஒரு மேய்ச்சலுக்குப் பழகியவை அல்ல.

ஆக, மீனை நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாது; அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் ஓரா ஊர்க்காரன். மாறாக, நாம் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசிதான், ஊரில் 'பெப்சி பாசி' என்கிறார்களே அதுதான், தென்கிழக்கு ஆசியக் கடலிலிருந்து கொண்டுவரப்பட்டது. அது குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்திருந்ததை 2008இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதனால்தான் எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது.

உங்கள் நட்டத்தைக் கணக்கிடுங்கள்

பாசி வளர்ப்பவரின் நட்டம் உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வழக்கமான மூங்கில் மிதவை 12க்கு 12 அடி. 20 கயிறு, கயிறுக்கு 20 விதைத்துண்டு, துண்டுக்கு 150 கிராம். மொத்தம் 400 துண்டு, 60 கிலோ விதைப்பாசி. நன்றாக வளர்ந்தால் 45ஆம் நாளில் சுமார் 250 கிலோ ஈரப்பாசி கிடைக்கும்.

பாசி வட்டிக்கு வட்டி போல வளர்கிறது. மேலே சொன்ன அளவுக்கு நாளொன்றுக்கு 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். 10ஆம் நாளில் 10 கிலோவை மீன் மேய்ந்தால் அறுவடையில் சுமார் 30 கிலோ குறையும். அதே 10 கிலோ 40ஆம் நாளில் போனால் குறைவது சுமார் 12 கிலோதான். ஆகவே பாதுகாப்பு முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம் தேவை.

அளப்பது எப்படி? ஏதாவது 5 கயிற்றில் கயிறுக்கு 10 துண்டு வீதம் 50 துண்டைப் பாருங்கள். நுனி கடிபட்டவை எத்தனை? 20 என்றால், 400இல் 160 கடிபட்டிருக்கும். கடிபட்ட 10 துண்டையும் நல்ல 10 துண்டையும் தனித்தனியே எடை போடுங்கள். துண்டுக்கு 60 கிராம் வித்தியாசம் வந்தால் 160 துண்டுக்குப் போனது சுமார் 10 கிலோ. அறுவடையில் குறையப் போகும் 30 கிலோவை உங்கள் ஊர் விலையால் பெருக்கி, அடிவலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள். வலை ஒரு போகத்துக்கு மேல் உழைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயலில் நாம் பார்க்கும் பொருளாதாரச் சேதநிலை இதுதான்.

கடித்தது ஓராதானா?

மீன் கடித்தால் நுனி வெட்டியது போல் இருக்கும். மிச்சமுள்ள பாகம் நல்ல நிறத்துடன் விறைப்பாக நிற்கும். நடுத்தண்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து, அந்த இடம் இளகி, தொட்டால் ஒடிந்துபோனால் அது மீன் அல்ல. 'ஐஸ்-ஐஸ்' எனும் நோய். நீர் சூடாவது, உப்பின் அளவு மாறுவது போன்றவற்றால் பயிர் சோர்ந்து வருவது. அதற்கு மீனைப் பிடித்துப் பயனில்லை. பாதித்த துண்டை அகற்றி, மிதவையை நீரோட்டம் உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். அலையில் கயிறு தளர்ந்து துண்டே கழன்றுபோவதும் உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. மிதவையை வெறும் மணல் தரைக்கு மேல், நீரோட்டம் உள்ள, அனுமதிக்கப்பட்ட இடத்தில் கட்டுங்கள். கடல்தாழைக்கு மேல் கட்டினால் நிழல் விழுந்து தாழையும் கெடும். ஜான்சிபாரில் தாழைப் படுகை மேல் பாசி வளர்த்த இடங்களில் தாழை குறைந்தது ஆய்வில் தெரிய வந்துள்ளது. இடம் பற்றிச் சந்தேகம் இருந்தால் மீன்வளத் துறை அலுவலரைக் கேட்டுவிட்டு மூங்கிலை இறக்குங்கள்.

2. மிதவையின் அடியிலும் பக்கத்திலும் சிறு கண்ணி வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் மீனும் ஆமையும் சிக்கும். நடவு நாளிலேயே கட்டினால்தான் முதல் இரண்டு வாரப் பலன் கிடைக்கும்.

3. வலையில் படியும் அழுக்கை அடிக்கடி உதறுங்கள். நீரோட்டம் தடைபட்டால் பயிருக்கு நோய் வரும்.

4. பலர் பக்கம் பக்கமாக மிதவை வைத்திருந்தால் ஒரே வாரத்தில் நடவு செய்யுங்கள். ஒற்றை மிதவை இளம்பயிரோடு நின்றால் கூட்டம் முழுவதும் அதன் மேல் விழும். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விதைத்தால் கிளிச் சேதம் பகிர்ந்துபோவது போலத்தான் இதுவும்.

5. கிழிந்த வலையையும் கயிற்றையும் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள். அது போய்ப் பவளத்தில்தான் மாட்டும்.

6. அறுந்து மிதக்கும் பாசித் துண்டுகளையும் பொறுக்கி எடுங்கள். பாருக்குப் போனால் அங்கே வேர் பிடிக்க வாய்ப்புண்டு.

செய்யக் கூடாதவை

விஷம், பிளீச்சிங் பவுடர், வெடி எதுவும் கூடாது. சட்டப்படி குற்றம் என்பதோடு, உங்கள் பயிரும் சேர்ந்தே அழியும். மிதவையைச் சுற்றிக் கூடு வைத்துக் குஞ்சு ஓராவை வாருவதும் வேண்டாம். வெண்புள்ளி ஓரா ஓராண்டுக்குள் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். அதுவரை விட்டால் மீனவருக்கும் அது விலை போகும் மீன். சமையலுக்கு நல்ல மீன்தான். குடலில் பாசி இருப்பதால் பிடித்தவுடன் குடலை எடுத்துவிட்டால் நாற்றம் வராது.

முள் குத்தினால்

வலி உடனே ஏறும். செத்த மீனின் முள்ளும் குத்தும். குத்திய இடத்தைக் கழுவி, வெளியே தெரியும் முள் துணுக்கை எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை வையுங்கள். சூடு இந்த விஷத்தைச் செயலிழக்கச் செய்யும். கொதிநீர் வேண்டாம், வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். வீக்கம் பரவினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாசிக் கயிற்றில் வேலை செய்யும் பெண்கள் தடித்த கையுறையும் காலணியும் இல்லாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

உள்நாட்டு விவசாயிகளுக்கு

முதலில் சொன்ன வடிகால் தண்ணீருக்கு வருகிறேன். வைகை பாக் விரிகுடாவிலும், தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவிலும் கலக்கின்றன. பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து மழையில் கரைந்து அந்தப் பக்கம்தான் போகும். வயலில் களைக்கு உரம் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். கடலிலும் அதேதான்: உரம் கூடினால் பாறையில் பாசி கூடும், மேய வேண்டிய வேலையும் கூடும். யூரியாவை மண் பரிசோதனைப்படி பிரித்துப் போடுங்கள். மழை வரும் நாளில் போட வேண்டாம். உங்கள் பணம் மிச்சமாகும். ஓராவுக்கும் சுமை குறையும்.

பாசி வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை. அடுத்த நடவுக்கு முன் மிதவையின் இடத்தைப் பாருங்கள், அடிவலையைக் கட்டுங்கள், கடிபட்ட நாளைக் குறித்து வையுங்கள். மூன்று போகம் குறித்த நோட்டோடு வந்தால், உங்கள் கடற்கரைக்கு எந்த வாரத்தில் நடவு செய்வது நல்லது என்று உட்கார்ந்து சேர்ந்தே முடிவு செய்யலாம்.